அளவுகோலை விசாரிப்போம்

பிள்ளையின் அறிவை ஓர் எண்ணில் அடக்கிவிடலாம் என்று நம்புவோர் ஆசிரியரிடையேயும் உளர். அவ்வெண் எம்மொழியில், எவர் வாழ்வை வைத்து வகுத்த வினாக்களால் பெறப்பட்டது என்று அவர்கள் கேட்பதில்லை. நாம் கேட்கிறோம்.

1917இல் அமெரிக்கா போரில் இறங்கியபோது, ஆங்கிலம் வாசிக்க அறியாத படையினருக்கென்று ‘பீற்றா’ எனும் படச்சோதனை வகுக்கப்பட்டது. பிறவி அறிவையே அளக்கிறோம் என்றனர் வகுத்தோர். படத்தில் குறைவது என்ன என்பது வினா: வலையில்லாத ரெனிஸ் மைதானம், குழலில்லாத கிராமபோன்! இத்தாலியக் கிராமத்து உழவன் ரெனிஸ் வலையை எங்கே கண்டான்?

அப்புள்ளிகளை வைத்துக் கார்ள் பிரிகம் 1923இல் நூலொன்று எழுதினார். குடியேறியோர் அந்நாட்டில் வாழ்ந்த ஆண்டுகள் கூடக்கூட அவர்தம் புள்ளியும் கூடியிருந்தது. மொழியும் பழக்கமும் வளர்ந்தன என்பதே நேரிய விளக்கம். அவரோ, பிந்தி வந்தோர் தாழ்ந்த இனத்தவர் என்றார். மறு ஆண்டில் தென், கிழக்கு ஐரோப்பியரின் வரவைக் கடுமையாகக் குறைக்கும் சட்டம் பிறந்தது. இச்சோதனை ஒன்றே அதற்குக் காரணமென்று நாம் கூறவில்லை. இனவாதத்துக்கு அது விஞ்ஞானப் போர்வை தந்தது என்கிறோம். 1930இல் பிரிகம் தம் முடிவுகளைத் தாமே கைவிட்டார். நாட்டுவாரி ஒதுக்கீடோ 1965 வரை நீடித்தது.

கலிபோர்னியாவிலே ஸ்பானிய மொழி பேசும் பிள்ளைகள் ஆங்கிலச் சோதனையில் தவறி, மந்தபுத்தியினர் வகுப்பிலே தள்ளப்பட்டனர். வழக்குத் தொடுத்த ஒன்பது பிள்ளைகளைத் தாய்மொழியில் மீளச் சோதித்தபோது, பெரும்பாலோர் அவ்வகுப்புக்கு உரியவரல்லர் என்பது வெளியாயிற்று. தாய்மொழியிலும் சோதிக்க வேண்டுமென்ற விதி 1970இல் அவ்வழக்கின் இணக்கத்தால் கிடைத்தது.

மொழிபெயர்த்தால் போதுமா? போதாது. வெல்சு மொழியில் எண்களின் பெயர்களை உச்சரிக்க ஆங்கிலத்தைவிடக் கூடுதல் நேரம் செல்லும். ஆகவே கேட்ட இலக்கங்களைத் திருப்பிச் சொல்லும் அளவும் அம்மொழியில் குறைகிறது என்று 1980இல் எல்லிசும் ஹென்னெலியும் காட்டினர். அதனை நினைவாற்றலின் குறையென்று எழுதிவைப்பது அநீதியன்றோ? எச்சமூகத்தில் சோதிக்கிறோமோ, அச்சமூகத்திலேயே நியமங்களும் வகுக்கப்படல் வேண்டும்.

சோதனைகளை எரித்துவிடுவதா என்று சிலர் கேட்பர். அன்று. 1905இல் பினே தம் சோதனையை ஆக்கியது, உதவி வேண்டும் பிள்ளையை இனங்காண்பதற்கே. அந்நோக்கத்துக்கு மீளுவோம். பிள்ளை வீட்டில் பேசும் மொழி யாது, கற்க வாய்த்த வசதி எவ்வளவு, ஒப்பிடப்படுவது எவருடன் என்ற மூன்றையும் வினவாமல் எந்த ஆசிரியரும் புள்ளியைப் பதிவேட்டில் எழுதாதிருக்கட்டும்.