'அதே கேம்தான் வேணும், ஆனா புதுசா!': ரீமேக் என்றால் ரசிகர்கள் ஏன் இரண்டாகப் பிரிகிறார்கள்?

காஞ்சிபுரம் பட்டுக் கடைகளுக்குப் பழைய சேலையைக் கையோடு எடுத்து வருபவர்கள் உண்டு. பாட்டியின் கல்யாணச் சேலை மாதிரியே ஒன்று வேண்டும்; ஆனால் இவ்வளவு கனம் கூடாது, கலர் கொஞ்சம் லைட்டாக இருக்கணும் என்பார்கள். நெய்து வந்ததும் வீட்டில் ஒருவர் "அச்சு அசல்" என்பார். இன்னொருவர் தடவிப் பார்த்துவிட்டு "இது அது இல்லை" என்பார்.

கம்ப்யூட்டர் கேம் உலகத்தில் இதே வாக்குவாதம் 25 ஆண்டுகளாக ஒரே மனிதரைச் சுற்றி நடக்கிறது. அவர் அமெரிக்காவின் சியாட்டிலைச் சேர்ந்த ஜெஃப் வோகல். 1994ல் ஸ்பைடர்வெப் சாஃப்ட்வேர் என்ற சின்ன நிறுவனத்தைத் தொடங்கினார். பெரிய முதலீட்டாளர் கிடையாது, நூற்றுக்கணக்கான ஊழியர்கள் கிடையாது. இப்படிப்பட்டவர்களைத்தான் 'இண்டி' என்கிறார்கள்.

அவருடைய முதல் கேம் 1995ல் வந்த 'எக்ஸைல்: எஸ்கேப் ஃப்ரம் தி பிட்'. தனக்குப் பிடிக்காதவர்களை எல்லாம் ஒரு பேரரசு பாதாளக் குகைக்குள் தள்ளிவிடுகிறது. ஒளிரும் காளான் வெளிச்சத்தில், காளானையும் பல்லியையும் தின்றுகொண்டு அங்கே ஒரு சமூகமே வாழ்கிறது. நீங்களும் தள்ளப்படுகிறீர்கள். வெளியேறும் வழியைத் தேடுவதா, தள்ளிவிட்ட பேரரசரைப் பழிவாங்குவதா, குகையை ஆட்டிப்படைக்கும் அரக்கனை ஒழிப்பதா? மூன்றையும் செய்யலாம், எந்த வரிசையிலும் செய்யலாம். சண்டை என்று வந்தால் 'டர்ன்-பேஸ்டு', அதாவது உன் முறை முடிந்ததும் என் முறை. தாயம் உருட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இதே கதையை 2000ல் 'அவெர்னம்' என்ற பெயரில் வோகல் மறுபடி உருவாக்கினார். 2011ல் மூன்றாவது முறை, 'அவெர்னம்: எஸ்கேப் ஃப்ரம் தி பிட்'. இரண்டாம், மூன்றாம் பாகங்களின் புது வடிவங்கள் 2015லும் 2018லும் வந்தன. அவருடைய இன்னொரு வரிசையான 'ஜீன்ஃபோர்ஜ்' 2001ல் தொடங்கியது. அதன் ரீமேக் 'ஜீன்ஃபோர்ஜ் 1: ம்யூட்டஜன்' 2021ல் வந்தது, இரண்டாம் பாகத்தின் ரீமேக் 2024ல்.

ரீமேக் என்றதும் நமக்குச் சினிமாதான் ஞாபகம் வரும். ஆனால் 1980 'பில்லா' வேறு டைரக்டர், 2007 'பில்லா' வேறு டைரக்டர். இங்கே எழுதியவரே திரும்பத் திரும்ப எழுதுகிறார்.

ரீமாஸ்டர் வேறு, ரீமேக் வேறா?

வேறுதான். காஞ்சி கைலாசநாதர் கோயிலுக்குப் போனவர்கள் பார்த்திருக்கலாம். பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டிய அந்த மணற்கல் கோயிலில், அரித்துப்போன சிற்பங்கள் மேல் பிற்காலத்தில் சுதை பூசியிருக்கிறார்கள். பூச்சு உதிர்ந்த இடங்களில் உள்ளே இருக்கும் பழைய செதுக்கல் எட்டிப் பார்க்கிறது. ரீமாஸ்டர் கிட்டத்தட்ட அப்படி. பழைய கேமின் எலும்புக்கூடு அப்படியே இருக்கும், மேல்பூச்சு மட்டும் புதுசு.

ரீமேக் என்பது தறியில் பாவு ஏற்றி முதலிலிருந்து நெய்வது. கதை, ஊர்கள், பாத்திரங்கள் பழையவை. நிரல், சண்டை விதிகள், திரையின் அமைப்பு எல்லாம் புதியவை. வோகல் செய்வது இதைத்தான். ரசிகர்களின் சண்டையும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

பழைய ரசிகர்களின் குறை என்ன?

முதல் குறை ஆள் கணக்கு. எக்ஸைலில் ஆறு பேர் வரை கொண்ட குழுவோடு குகைக்குள் இறங்கலாம். அவெர்னத்தில் நான்கு பேர்தான். இதுல என்ன இருக்கு என்று தோன்றலாம். முறை வைத்து ஆடும் கேமில் அதுதான் எல்லாமே. ஆறு பேர் இருந்தால், பெரிதாக உதவாத ஒரு வேடிக்கைப் பாத்திரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். நான்கு பேர் என்றால் ஒவ்வொரு இடமும் கணக்கு.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. பாத்திரங்களின் திறனைக் கூட்டும் முறையை 2011 வடிவம் எளிமையாக்கியது. தப்பாகப் புள்ளிகளைச் செலவழித்துவிட்டு இருபது மணி நேரம் கழித்து மாட்டிக்கொள்ளும் ஆபத்து குறைந்தது. புதியவர்களுக்கு நிம்மதி. பழையவர்களுக்கோ அந்த ஆபத்தில்தான் சுவையே.

காஞ்சிபுரத்தில் இதற்கு நேரான ஒன்று கோர்வை. உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து, இழைக்கு இழை கோத்துக்கொண்டே போகும் முறை அது. மூன்று நாடா வேண்டும், தறியில் கூடவே இன்னொரு ஆளும் வேண்டும். கோர்வை இல்லாமலும் அதே டிசைனை, அதே கலரைக் கொண்டுவந்துவிடலாம். தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கரையைப் புரட்டிப் பார்ப்பவருக்குத் தெரியும். பழைய ரசிகர்கள் கரையைப் புரட்டிப் பார்க்கும் ரகம். அவர்கள் சொல்வதை வெறும் பழம்பெருமை என்று ஒதுக்குவது நியாயமில்லை.

புதியவர்களின் குறை?

படம் சுமார், அதே மரம், அதே சுவர், அதே பொம்மைகள் எல்லா கேமிலும் வருகின்றன, விளையாடும்போது பின்னணி இசை இல்லை. இவை ஒவ்வொரு வெளியீட்டிலும் தவறாமல் எழும். எதுவும் பொய்யில்லை. வோகலே 2019ல் தன் வலைப்பதிவில், தன் கேம்கள் எல்லாம் ஏன் பார்க்கச் சகிக்காமல் இருக்கின்றன என்ற பொருளில் தலைப்பிட்டு நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். ஓவியர் பட்டாளத்தை வைத்துக்கொள்ளப் பணம் இல்லை, எழுத்தும் உலகமும்தான் தன் சரக்கு என்பது அவர் வாதத்தின் சாரம்.

பாராட்டும் குறையாமல் வருகிறது, பெரும்பாலும் கதைக்காக. ஜீன்ஃபோர்ஜில் 'ஷேப்பர்கள்' என்ற மந்திரவாதிகள் உயிர்களையே உருவாக்குகிறார்கள். அவர்கள் கைவிட்டுப்போன ஒரு தீவில், அந்த உயிர்கள் தலைமுறைகளாகத் தனியே வாழ்ந்து, சுயமாக யோசிக்கத் தொடங்கி, மூன்று கட்சிகளாகப் பிரிந்து நிற்கின்றன. படைத்தவருக்கு அடங்குவதா, சமமாக நிற்பதா, எதிர்த்து அடிப்பதா? யார் பக்கம் சேர்வது என்பது உங்கள் முடிவு. 2001ல் எழுதிய கதை. ஏஐ பற்றி ஆபீஸ் கேன்டீனில் வாக்குவாதம் நடக்கும் இந்தக் காலத்தில் 'ம்யூட்டஜன்' ஆடுபவருக்கு அது பழசாகத் தெரியாது.

பழையதையே விற்கலாமே, ஏன் திரும்பச் செய்யணும்?

கல் கோயில் 1,300 ஆண்டு நிற்கும். கேம் பத்து ஆண்டு தாண்டினாலே சந்தேகம். 2017ல் ஐஓஎஸ் 11 வந்தபோது பழைய 32-பிட் செயலிகள் ஐபோனில் திறக்காமல் போயின. 2019ல் மேக் ஓஎஸ் கேட்டலினா மேக் கணினிகளிலும் அதையே செய்தது. வோகல் மேக்கில் தொடங்கியவர். திரும்ப நெய்யாவிட்டால் அவருடைய சரக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கடையிலிருந்தே மறைந்துவிடும்.

வருமானமும் ஒரு காரணம். முதலில் ஷேர்வேர்: ஒரு பகுதியை இலவசமாக ஆடிப் பார், பிடித்தால் காசு கொடு. இப்போது ஸ்டீம் கடை. 'ம்யூட்டஜன்' விலை சுமார் 20 டாலர். செய்வதற்கு முன்பே ரசிகர்களிடம் கிக்ஸ்டார்ட்டர் மூலம் பணம் திரட்டினார். முதல் வடிவத்தைக் குறை சொல்லத் தெரிந்த அதே ஆட்கள்தான் முன்பணமும் கொடுக்கிறார்கள். பிழைப்பே ஓடுவது அவர்களை நம்பித்தான்.

இதில் நமக்கு என்ன?

எது மாறியது என்று ரசிகர்கள் சண்டை போட முடிவதே, உரிமை இன்னும் அதை எழுதியவர் கையில் இருப்பதால்தான். இந்தப் பக்கம் அதிகம் பேசப்படுவதில்லை.

காஞ்சிபுரத்தில் பல நெசவாளர்கள் கூட்டுறவுச் சங்கத்திடமோ முதலாளியிடமோ பட்டும் ஜரிகையும் வாங்கி, சேலைக்கு இவ்வளவு என்று கூலிக்கு நெய்கிறார்கள். 'காஞ்சிபுரம் பட்டு' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு பாதுகாப்பு உண்டு. அது ஊரின் பெயருக்கு. ஒரு நெசவாளர் தானே யோசித்துப் போட்ட டிசைனுக்கு இல்லை. டிசைனைத் தனியாகப் பதிவு செய்தாலும் சட்டப்படி அதிகபட்சம் 15 ஆண்டுதான் பாதுகாப்பு. தான் நெய்த பட்டைத் தன் மகளுக்குக் கட்டிப்பார்க்க முடியாத நெசவாளியைப் பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' படத்தில் பார்த்தோம்.

ஐடி வேலையில் இருப்பவர்களுக்கும் நிலைமை பெரிதாக வேறில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ன் 17வது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, வேலையின் பகுதியாக உருவாக்கியது முதலாளிக்குச் சொந்தம். வெளிநாட்டு கேமுக்கு இங்கே உட்கார்ந்து மரமும் சுவரும் வரைந்து கொடுப்பவர், இருபது ஆண்டு கழித்து அதைத் தன் ரசனைக்குத் திருப்பிச் செய்ய நினைத்தால் முடியாது.

தமிழில் நம்பிக்கை தரும் உதாரணமும் உண்டு. டொரண்டோவின் விசாய் கேம்ஸ் 2023ல் வெளியிட்ட 'வெண்பா', கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. 2024ல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது வாங்கியது. அதில் ஆடுபவர் செய்யும் வேலையே, கிழிந்து அழிந்துபோன சமையல் குறிப்பேட்டைப் பார்த்து விட்டுப்போன படிகளை ஊகித்துச் சமைப்பது. சின்னக் குழுவின் சொந்தக் கேம் என்பதால், 2043ல் அதை எப்படித் திரும்பச் செய்யலாம் என்ற கேள்வி அவர்கள் வீட்டுக்குள்ளேயே நடக்கும்.

வோகலின் எந்த வடிவமும் பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. 1997ல் வந்த 'பிளேட்ஸ் ஆஃப் எக்ஸைல்' ரசிகர்களே தங்கள் கதைகளைக் கட்டிக்கொள்ள உதவும் கேம். அதன் மூல நிரலை 2007ல் திறந்த உரிமத்தில் அவர் வெளியிட்டுவிட்டார். ஆறு பேர் குழுவை விட்டுக்கொடுக்க மனமில்லாத ரசிகர்கள் சிலர், அதைப் புதுக் கணினிகளில் ஓடவைக்கும் வேலையைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள்.