தூத்துக்குடித் துறையும் நம் பருத்தியும்

2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், எட்டு நாள் இடைவெளியில் இரண்டு உத்தரவுகள் அமலுக்கு வந்தன. அம்மாதம் 19-ஆம் தேதி இந்திய அரசாங்கம் அயல்நாட்டுப் பருத்தியின் மீதிருந்த 11 சதவீத இறக்குமதித் தீர்வையை நிறுத்தி வைத்தது. 27-ஆம் தேதி அமெரிக்க அரசாங்கம், இந்தியச் சரக்குகளின் மீது முன்னரே விதித்திருந்த 25 சதவீதக் கூடுதல் வரியோடு மற்றுமொரு 25 சதவீதத்தைச் சேர்த்தது. முதல் உத்தரவால் நூல் விலை இறங்கும் என்று நெசவாளர் மகிழ்ந்தனர். பருத்தி விலை இறங்கும் என்று பயிரிடுவோர் வருந்தினர். இரண்டாவது உத்தரவோ இருவரையும் ஒருங்கே தாக்கிற்று. கரூர்ப் படுக்கை விரிப்பும் திருப்பூர்ப் பின்னலாடையும் வாங்குவாரின்றித் தேங்கினால் நூலும் தேங்கும். நூல் தேங்கினால் பருத்திக்கு விலை ஏது?

இவற்றைக் குறித்து நம் சங்கங்களில் எழும் வாதங்கள் பெரும்பாலும் வரியைப் பற்றியனவாகவே உள்ளன. வரி கூடாது என்று தறிக்காரர் ஒரு பக்கம். வரி வேண்டும் என்று கரிசற்காட்டுக்காரர் ஒரு பக்கம். ஒரே கூட்டுறவு இயக்கத்தின் இரு கைகள் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கின்றன. அச்சரக்கைச் சுமக்கும் கப்பலைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. வரியில் நெசவாளரும் விவசாயியும் வேறுபடலாம். கப்பலில் இருவரும் ஒரே கட்சி என்பதே என் அபிப்பிராயம்.

முதலில் பருத்தித் தீர்வையை எடுத்துக்கொள்வோம். இது 2021 பிப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில் விதிக்கப்பட்டது. 2022 ஏப்ரல் 14 முதல் அவ்வாண்டு அக்டோபர் 31 வரை விலக்கப்பட்டது; பின் மீண்டும் வந்தது. 2025 ஆகஸ்டில் மறுபடியும் விலக்கியபோது முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள். சில நாட்களுக்குள் டிசம்பர் 31 வரை என்று நீட்டினார்கள். முதலில் கொடுத்த அவகாசத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 43 நாட்கள். அமெரிக்காவிலோ பிரேசிலிலோ புதிதாகப் பருத்தி பேசி வாங்கி, கப்பலேற்றி, இங்குக் கொண்டுவந்து இறக்க அது போதுமா? ஏற்கெனவே கடலில் வந்துகொண்டிருந்த சரக்குக்கும் துறைமுகக் கிடங்கில் காத்திருந்த சரக்குக்குமே அச்சலுகை உடனே பயன்பட்டிருக்கும். கப்பலின் வேகத்தை எண்ணாமல் எழுதப்படும் தீர்வை உத்தரவு சிறு நூற்பாலைக்குக் கூட எட்டாது. பாவு ஓட்டும் நெசவாளிக்கு எவ்வாறு எட்டும்?

நீட்டிக்கப்பட்ட அவகாசமோ வேறொரு தீங்கு செய்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலம் நாடெங்கும் புதுப் பருத்தி சந்தைக்கு வரத்தொடங்கும் காலம். 2025-26 பருவத்திற்கு நடுத்தர இழைப் பருத்திக்குக் குவிண்டால் ஒன்றுக்கு ரூ. 7,710 என்றும், நீள இழைக்கு ரூ. 8,110 என்றும் ஆதார விலை அறிவித்தவர்கள், அதே பருவத்தில் கதவையும் திறந்துவிட்டார்கள். விதைக்கும்போது தீர்வை இருந்தது, அறுக்கும்போது இல்லை. சிட்டா நூல் நியாயமான விலையில் கிடைத்தாலன்றிக் கைத்தறி நிற்காது. ஆகவே தீர்வை விலக்கையே நான் குறை கூற வரவில்லை. விலக்குவதாயின் விதைப்புக்கு முன்பே அறிவியுங்கள், எந்தப் பயிரிடுவது என்று விவசாயி அப்பொழுதே தீர்மானித்துக் கொள்வான் என்றுதான் கூறுகிறேன்.

இனித் துறைமுகம். தூத்துக்குடிக் கடல் ஆழமற்றது. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861-65) இங்கிலாந்து ஆலைகள் பருத்தியின்றித் தவித்தன. நம் கரிசல் மண்ணின் பருத்திக்குத் திடீரென்று யோகம் அடித்தது. அக்காலத்திலும் நீராவிக் கப்பல்கள் கரையை அணுக முடியாமல் பல மைல் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன; பொதிகள் தோணியில் சென்று கப்பல் ஏறின. 1974-இல் பெருந்துறைமுகம் என்ற தகுதி வந்தது. ஆயினும் அந்தப் பழைய தோணி முறை வேறு வடிவில் தொடர்கிறது. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்லும் பெருங்கப்பல்கள் கிழக்கு மேற்குக் கடல் வழியை ஒட்டியுள்ள கொழும்பில் தங்குகின்றன. நம் பெட்டகங்களிற் பெரும்பகுதி சிறு கப்பலில் கொழும்பு சென்று, அங்கே இறங்கி, காத்திருந்து, மறுபடி ஏறுகிறது. ஏற்றுக்கூலி இருமுறை, இறக்குக்கூலி ஒருமுறை, காத்திருக்கும் நாட்கள் வேறு. 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கிய பின், ஐரோப்பியக் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. எங்கோ நடந்த சண்டையின் விளைவு, நம் பெட்டகங்கள் போய் நிற்கும் கொழும்புத் துறையில் நெருக்கடியாக வந்து சேர்ந்தது.

இந்தக் கூலியை யார் தருகிறார்? வெளிநாட்டு வியாபாரி தன் கடை வாயிலில் வந்து சேரும் விலையைத்தான் பார்க்கிறான். அவன் கொடுக்க இசைந்த தொகையில் கப்பல் கூலி போக மிஞ்சுவதே ஏற்றுமதியாளருக்கு; அதில் மிஞ்சுவதே ஆலைக்கும் தறிக்கும்; அதிலும் மிஞ்சுவதே காட்டுக்கு. வரும் வழியிலோ இதற்கு மேல் ஒரு விந்தை உண்டு. நம் நாட்டுச் சுங்கச் சட்டப்படி, இறக்குமதிச் சரக்கின் மதிப்பில் கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்த்தே தீர்வை கணக்கிடப்படும். நூறு ரூபாய்ச் சாயத்திற்குக் கூலி பத்து ரூபாய், தீர்வை பத்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால், தீர்வை பதினொரு ரூபாய். கூலி இருபதாக ஏறினால், உத்தரவு எதுவும் இன்றியே தீர்வை பன்னிரண்டு ரூபாய் ஆகிவிடும். கப்பல்காரன் கூலியை உயர்த்தும்போது சுங்கமும் தானே உயர்ந்துவிடுகிறது. இதை எந்த நாடாளுமன்றமும் விவாதிப்பதில்லை.

கப்பற் கொள்கையிலும் நாம் நெடுங்காலம் முடிச்சிட்டுக்கொண்டோம். 1958-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம், இந்தியத் துறைமுகங்களுக்கிடையே சரக்கேற்றும் உரிமையை இந்தியக் கப்பல்களுக்கே ஒதுக்கியது. அயல்நாட்டுக் கப்பலுக்குத் தனி அனுமதி வேண்டும். நோக்கம் நல்லதே. விளைவு என்ன? தூத்துக்குடிப் பெட்டகத்தை எந்நாட்டுக் கப்பலும் கொழும்புக்குக் கொண்டுபோகலாம். கொச்சிக்குக் கொண்டுபோவதென்றால் தடை. 2011-இல் கொச்சி வல்லார்பாடத்தில் பெட்டக முனையம் திறந்த பின்னர், அதற்கென இவ்விதியைத் தளர்த்த வேண்டியதாயிற்று. 2018 மே மாதத்தில்தான் ஏற்றுமதி இறக்குமதிப் பெட்டகங்களைப் பொறுத்து நாடு முழுவதற்கும் தளர்த்தினார்கள். 2025-இல் கரையோரக் கப்பல் போக்குவரத்திற்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. சொந்தக் கப்பலைக் காப்பதா, சரக்கைக் காப்பதா என்ற கேள்விக்கு இச்சட்டங்கள் முழு விடை தந்துவிட்டதாக நான் எண்ணவில்லை. கப்பல்களைக் கட்டாமல் ஒதுக்கீட்டை மட்டும் வைத்திருப்பது, மாடு வாங்காமல் தொழுவத்திற்குப் பூட்டுப் போடுவது போன்றது.

கூலி என்பது எத்தகைய ஆயுதம் என்பதைத் தூத்துக்குடிக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைப் பத்து லட்ச ரூபாய் மூலதனத்தில் அமைத்தார். ஒரு பங்கு ரூ. 25. சிறு வணிகரும் பங்கேற்கட்டும் என்றே அவ்வாறு வகுத்தார். நம் சங்கப் பங்கு முறைக்கும் அதற்கும் உள்ள உறவு வெளிப்படை. கொழும்புப் பயணத்திற்குப் பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்கிற்று. சுதேசிக் கம்பெனி அரை ரூபாயாக்கிற்று. பின்னர் வெள்ளையர் கம்பெனி இலவசமாக ஏற்றி, கூடவே ஒரு குடையும் தந்தது! 1908 மார்ச்சில் பிள்ளையவர்கள் கைதானார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. இலவசக் குடை பிடித்தவர்கள் அன்று தம் லாபத்தைத்தான் எண்ணினார்கள். அவர்களை நான் ஏசவில்லை.

கடலுக்கு அக்கரையிலும் இதே கதை உண்டு. 1970-77 ஆண்டுகளில் இலங்கை அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியை அடைத்தபோது யாழ்ப்பாணத்து விவசாயி தலை நிமிர்ந்தான். 1977-க்குப் பின் கதவு திறந்தபோது அவன் நிலை தளர்ந்தது. இக்கரையில் வெங்காயம் விளைவித்தவனுக்கு நேர்மாறு. ஆதலின் கொழும்பின் மீது காழ்ப்புக் கொள்வதில் பொருளில்லை. அது தன் ஆழத்தால் பிழைக்கிறது.

நாமும் ஆழத்தைத் தேட வேண்டும். தூத்துக்குடி வெளித் துறைமுகத் திட்டத்திற்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இயற்கையாகவே ஆழமான கடல் அது. கொழும்புக்கு ஒரு போட்டி கேரளக் கரையில் எழுந்தது நமக்கு நல்லதே. எனினும் பெருங்கப்பல் தூத்துக்குடியிலேயே நின்றால் இரண்டாம் ஏற்றுக்கூலி அறவே ஒழியும். சேது சமுத்திரத் திட்டத்தைப் போல் (2005-இல் தொடங்கி இடையிலேயே நின்றது) இதுவும் மேடைப் பேச்சோடு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது, வரி மனு எழுதுவதினும் முக்கியமான வேலை.

பெரிய திட்டம் வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டுவதில்லை. ஒரு பெட்டகம் நிறையும் அளவு சரக்கில்லாதவர், பிறர் சரக்கோடு கலந்து அனுப்புகையில் கன அளவுக்குத் தக்கக் கூடுதல் கூலி கொடுக்கிறார். கலக்கும் இடத்தில் காத்தும் கிடக்கிறார். ஏற்றுமதித் துணி நெய்யும் நம் சங்கங்கள் தனித்தனியே சிறு பொதிகளை அனுப்புவதை விட்டு, ஒரே வாரத்தில் ஒரே கிடங்கில் சேர்த்து முழுப் பெட்டகமாக்கினால் அந்த வேறுபாடு கையிலேயே நிற்கும். பருத்தி, மிளகாய், வெங்காயம் விற்கும் சங்கங்களுக்கும் அதே கிடங்கு பயன்படும். வருகிற பொதுக்குழுவில் தீர்வையைப் பற்றிய தீர்மானம் வரும்போது, நெசவாளர் ஒருவர் முன்மொழிந்து விவசாயி ஒருவர் வழிமொழியத்தக்கதாக, இந்தக் கிடங்கைப் பற்றிய தீர்மானத்தையும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.