குங்குமம் கேட்டால் குங்குமம் கிடைக்கிறதா?

கழக்கூட்டம் கடைத்தெருவில் 'குங்குமம்' என்று கேட்டாலும் சிவப்புப் பொடி கிடைக்கும். 'சிந்தூரம்' என்று கேட்டாலும் சிவப்புப் பொடி கிடைக்கும். இரண்டும் ஒன்றுதானே என்று நம்மவர்கள் வாங்கி வருகிறார்கள். ஒன்றல்ல என்பதை அச்சொற்களே சொல்கின்றன.

குங்குமம் வடமொழிச் சொல். அதன் பழைய பொருள் காஷ்மீரத்தில் விளையும் பூவின் சிவந்த இழை. தமிழரும் மலையாளிகளும் 'குங்குமப்பூ' என்னும்போது அந்தப் பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. பிற்காலத்தில் மஞ்சளோடு எலுமிச்சைச் சாறு, படிகாரம், வெண்காரம் சேர்த்துச் சிவக்க வைத்த பொடிக்கும் அதே பெயர் வந்தது. மஞ்சள் எப்படிச் சிவக்கும் என்று யாரும் வியக்க வேண்டியதில்லை. ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் நீர் சிவக்கவில்லையா? சோட்டாணிக்கரை பகவதி கோயிலில் நடக்கும் குருதி பூஜையிலும் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த நீர்தான்.

சிந்தூரத்தின் வரலாறு வேறு. ஈயத்தைச் சுட்டு எடுக்கும் செம்பொடிக்கு வழங்கிய பெயர் அது. பாதரசமும் கந்தகமும் கூடிய சாதிலிங்கத்தையும் அப்பெயரால் அழைத்தார்கள். ஈயம் உடலுக்கு நஞ்சு. குழந்தைகளின் மூளையை முதலில் தாக்கும். அமெரிக்காவிலும் இந்தியாவிலும் வாங்கிய 118 சிந்தூர மாதிரிகளைச் சோதித்து 2017-ல் வெளியான ஆய்வில், முக்கால் பங்குக்கு மேற்பட்டவற்றில் ஈயம் இருந்தது தெரியவந்தது.

இப்போது குங்குமத்துக்கு மூன்றாவது பொருளும் வந்துவிட்டது: மஞ்சளே இல்லாத சாயப்பொடி. கேரள உயர் நீதிமன்றம் 2025 நவம்பரில் சபரிமலை, பம்பை, எருமேலி பகுதிகளில் ரசாயனக் குங்குமம் விற்கத் தடை விதித்தது. நீரும் மண்ணும் கெடுகின்றன என்பதே காரணம். ஆற்றுக்கு ஆகாதது நெற்றிக்கு மட்டும் ஆகுமா?

சொற்களின் பொருள் மாறுவது இயல்புதான். பூவிலிருந்து மஞ்சளுக்கு வந்த மாற்றம் ஊரறிய நடந்தது. அதனால் யாருக்கும் கேடில்லை. மஞ்சளிலிருந்து சாயத்துக்கு வந்த மாற்றமோ, வாங்குபவர் அறியாமல் பொட்டலத்துக்குள்ளே நடந்தது. பழைய பெயரில் புதிய சரக்கை விற்பது முறையல்ல.

பத்து, இருபது ரூபாய்ப் பொருள்தானே என்று சும்மா இருக்க வேண்டாம். 'மஞ்ஞள் கொண்டு உண்டாக்கியதா?' என்று மலையாளத்திலேயே கேட்கலாம். உறையில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பார்க்கலாம். ஒன்றும் அச்சிடாத பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பத்துப் பேர் கேட்டால் பதினொன்றாவது ஆளுக்குக் கடைக்காரரே நல்ல சரக்கை எடுத்துத் தருவார்.