துன்புறுவோரும் தொண்டரும்

துன்புறுத்தப்படும் கிறிஸ்தவ விசுவாசிகளுக்கு ஆதரவு திரட்டும் மாநாடொன்றுக்குப் பளையிலிருந்து மாணவர் சிலர் தொண்டராகச் சென்று வந்தனர். கதிரை அடுக்கினர், தேநீர் பரிமாறினர், வந்தோரின் பெயர் பதிந்தனர். செய்தி கேட்ட நம் முற்போக்கு அன்பர் சிலர் முகஞ்சுளிக்கின்றனர். "மதக் கூட்டத்தில் நம் பிள்ளைகளுக்கு என்ன வேலை?" என்று வினவுகின்றனர். இவ்வன்பர்களோடு நாம் உடன்படவில்லை. தான் கொண்ட நம்பிக்கைக்காக ஒருவன் அடிக்கப்படும்போது அவன் பக்கம் நிற்க, அவனது நம்பிக்கையை நாமும் ஏற்றிருக்க வேண்டுமா? அங்கே கதிரை சுமந்த கைகளில் களங்கமில்லை.

நமது வழக்கெல்லாம் அத்தகைய மேடைகளில் வாசிக்கப்படும் பட்டியலோடுதான்.

அப்பட்டியலுக்கு ஒரு வரலாறுண்டு. அன்ட்ரூ சகோதரர் என்று அறியப்பட்ட டச்சுக்காரர் 1955இல் போலந்துக்குச் சென்றதிலிருந்து வளர்ந்தது 'ஓப்பன் டோர்ஸ்' நிறுவனம். கிறிஸ்தவர் மிகக் கொடுமையாகத் துன்புறும் 50 நாடுகளை அது ஆண்டுதோறும் வரிசைப்படுத்துகிறது. சோஷலிசத்தின் பெயரால் நடந்த ஆட்சிகள் வழிபாட்டுக்கு விலங்கிட்டதை மூடி மறைக்க நமக்கு உரிமையில்லை. இடதுசாரிகளிற் பலர் அன்று வாய்மூடியிருந்தது வெட்கக்கேடே. எனினும் ஒரு மதத்தாரின் காயங்களை மட்டுமே எண்ணும் பட்டியல், அடிப்பவன் எவன், ஏன் அடிக்கிறான் என்பதை மறைத்துவிடுகிறது.

நம் மண்ணையே பாருங்கள். 1544இல் மன்னாரில் ஞானஸ்நானம் பெற்றோர் ஏறத்தாழ 600 பேர் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் வெட்டுண்டனர். வெட்டியவனும் தமிழன், வெட்டுண்டவனும் தமிழன். 1621இல் போர்த்துக்கேயர் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தனர். அடுத்து வந்த ஒல்லாந்தரும் கிறிஸ்தவரே. அவர்களோ கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். 1687இல் யோசேவாஸ் அடிகள் பிச்சைக்கார வேடத்தில் யாழ்ப்பாணம் புக நேர்ந்தது இந்தக் கிறிஸ்தவ அரசுக்கு அஞ்சித்தான்! மதம் மாறி மாறி வந்தது. வாளோ எப்போதும் அரியணையருகிலேயே இருந்தது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை, கட்டுவப்பிட்டி, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயங்களிலும் கொழும்பு விடுதிகளிலும் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். உலகெங்கும் அம்மாண்டோரின் பெயரால் மெழுகுதிரி ஏற்றப்பட்டது, ஏற்றப்படவேண்டியதே. ஆனால் 1995 யூலை 9ஆம் நாள் நவாலி சென் பீற்றர் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தோர்மீது விமானப்படை குண்டு வீசியதே, அவர்கள் எந்தப் பட்டியலில்? நிவாரணப் பொருளோடு வன்னிப் பாதையில் சென்ற பாக்கியரஞ்சித் அடிகளார் 2007இல் கிளைமோருக்கு இரையானாரே, அவர்? 2009 மே 18இல் வட்டுவாகலில், சரணடைந்தோரோடு இராணுவத்தின் கைக்குட் சென்று இன்றுவரை மீளாத பிரான்சிஸ் யோசப் அடிகளார்? "இவர்கள் விசுவாசத்திற்காகச் சாகவில்லை, அரசியலால் இறந்தார்கள்" என்று விடை வரும். மந்தையை விட்டு ஓடாத மேய்ப்பனின் செயல் விசுவாசமில்லையெனில் வேறெது விசுவாசம் ஐயா?

முகமாலைப் போரரங்கு பளையின் வாசலிலே பல ஆண்டு கிடந்தது. ஷெல்லடியில் தலையிழந்த தென்னைகளைக் கண்டு வளர்ந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு, துன்புறுத்தல் என்பதைக் கடல்கடந்த நாட்டுச் செய்தியாகக் காட்டுகிறார்கள். இதைவிட விந்தை வேறுண்டோ!

இவ்விடத்தில் நம் தமிழ் அன்பர்கள் கைதட்டத் தொடங்குவர். சற்றுப் பொறுங்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் துரத்தப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டே மணி நேரம். துரத்தியவர்கள் விடுதலைப் புலிகள், பார்த்திருந்தவர்கள் நாம். உயிர்த்த ஞாயிற்றுக்குப் பின், 2019 மே மாதத்தில், குண்டு வைத்தவனை முன்பின் அறியாத முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் வடமேல் மாகாணத்தில் எரிந்தன. கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் உடல்களை அவர்தம் சமயத்துக்கு மாறாக எரிக்குமாறு 2020இல் அரசே கட்டாயப்படுத்தியது.

இன்னுமொரு பெயர் உண்டு. தமிழாசிரியர் எவரும் மறக்கலாகாத பெயர். மன்னாரிற் பிறந்து புத்தளத்தில் தமிழ் கற்பித்த இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீம், 'நவரசம்' என்ற தம் கவிதை நூலின் காரணமாக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின்கீழ்ச் சிறைப்பட்டார். தமிழறியாதோர் அக்கவிதைகளில் பயங்கரவாதம் கண்டுபிடித்தனர். பிணை கிடைக்க 2021 டிசம்பர் ஆயிற்று. குற்றமற்றவரென விடுதலை பெற 2023 ஆயிற்று. தமிழ்ப் பட்டம் பெற்ற நம்மிற் எத்தனை பேர் அப்போது வாய்திறந்தோம்?

அடுத்த மாநாட்டுக்கும் மாணவர் செல்லட்டும், நாம் தடுக்கமாட்டோம். அமைப்பாளரிடம் ஒரு மேசை மட்டும் கேட்கட்டும். நவாலியில் மாண்டோரின் பெயர்களும் காணாமற்போன குருமாரின் படங்களும் அதில் இருக்கட்டும். அவற்றருகே 1990இல் வெளியேற்றப்பட்டோர் விட்டுச்சென்ற ஊர்களின் பெயர்களும் இருக்கட்டும். மேசை தர மறுத்தால், ஏன் என்று அந்த மண்டபத்திலேயே கேட்கட்டும்.