முதலில் வகுப்பு, பிறகு பயிற்சி

(கட்டுரையாளர் மடவளையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரிய கல்வியியலாளர்)

மடவளையில் ஒரு பிள்ளை ஆசிரியராக வர இரண்டு வழி இருக்கிறது. உயர்தரம் சித்தியடைந்து, வெட்டுப்புள்ளி கிடைத்து, தேசிய கல்வியியற் கல்லூரிக்குப் போவது ஒன்று. பாடத்தையும் மொழியையும் பொறுத்து அட்டாளைச்சேனை, தர்கா நகர், பத்தனை என்று பெட்டி கட்ட வேண்டும். இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் வருடம் ஒரு பாடசாலையில் உள்ளகப் பயிற்சி. மற்றது, பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் எடுத்து, போட்டிப் பரீட்சை எழுதி, நியமனக் கடிதத்துடன் நேரே வகுப்புக்குள் நுழைவது. முதலாமவர் கற்பிக்கப் பழகிவிட்டு வருகிறார். இரண்டாமவர் வெண்கட்டியைக் கையில் எடுத்த பிறகுதான் பழகத் தொடங்குகிறார். சம்பளப் படியில் இரண்டாமவரே மேலே.

இந்தத் தலைகீழ் ஒழுங்கு தற்செயலாக வந்ததல்ல. சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறோம். 2014 ஒக்டோபரில் வர்த்தமானியில் வந்த ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பின்படி, வெறும் பட்டத்துடன் வருபவர் மூன்றாம் வகுப்பில் சேர்கிறார். பட்டத்தோடு பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் வைத்திருப்பவர் இரண்டாம் வகுப்பின் இரண்டாம் தரத்துக்குப் போகிறார். அதாவது டிப்ளோமா இங்கே வாசற்கதவு அல்ல, உள்ளே போன பிறகு ஏறும் படி. அது இல்லாமலும் முப்பது பிள்ளைகளின் முன்னால் நிற்கலாம், வகுப்பாசிரியராக இருக்கலாம், சாதாரண தர வகுப்பைப் பரீட்சைக்கு அனுப்பலாம். கற்பிப்பதற்கான அனுமதிப்பத்திரம் என்று ஒன்று இந்த நாட்டில் இல்லை. இருப்பது நியமனக் கடிதம் மட்டும்தான்.

ஆகவே வார இறுதிகளில் டிப்ளோமா படிக்கிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கல்வித்துறை, தேசிய கல்வி நிறுவகத்தின் நிலையங்கள், பொல்கொல்லையில் திறந்த பல்கலைக்கழகத்தின் கண்டிப் பிராந்திய நிலையம் என்று நம் பக்கத்து ஆசிரியர்களுக்கு இடங்கள் உண்டு. பொல்கொல்லை மடவளைக்குக் கூப்பிடு தூரம். அதனால் சனிக்கிழமை காலை வத்துகாமம் பக்கமிருந்து வரும் பஸ்ஸில் கோவையோடு ஏறும் டீச்சர்மாரைக் காணாமல் இருக்க முடியாது. திங்கள் முதல் வெள்ளி வரை பாடசாலை, சனி ஞாயிறு விரிவுரை, இரவில் ஒப்படை, இடையில் வீடு, பிள்ளை, சமையல். கல்வி உளவியல், கல்வித் தத்துவம், அளவீடும் மதிப்பீடும், வழிகாட்டலும் ஆலோசனையும் என்று பாடங்கள் கனமானவை. படிக்கிறவர் களைத்துப் போனவர்.

திறந்த பல்கலைக்கழகம் 1980 இல் தொடங்கியது. அதன் ஆரம்ப கால நெறிகளில் இந்தக் கல்வி டிப்ளோமாவும் ஒன்று. பயிற்சியில்லாமல் வகுப்புகளில் தேங்கிக் கிடந்த பட்டதாரி ஆசிரியர்களை, வேலையை விடாமலே பயிற்றி முடிப்பதுதான் அன்றைய நோக்கம். தேக்கத்தை வடிக்கத் திறந்த மடை அது. நாற்பத்தைந்து வருடமாகியும் மடை திறந்தே கிடக்கிறது, ஏனென்றால் மேலிருந்து தண்ணீர் விடுவதை யாரும் நிறுத்தவில்லை. தற்காலிக ஏற்பாட்டை நிரந்தர முறையாக்கிக்கொண்டோம்.

இதில் நடக்கும் ஒரு கூத்தையும் சொல்ல வேண்டும். கற்பித்தல் பயிற்சியை மேற்பார்வை செய்ய விரிவுரையாளர் வருகிற நாளில் வகுப்பறை கல்யாண வீடாகிவிடும். பிரிஸ்டல் போட் அட்டைகள், நான்கு நிறத்தில் மார்க்கர், குழுவுக்கு ஒரு டிமை தாள். 2007 பாடத்திட்டத்தோடு வந்த ஐந்து படி முறையில், ஈடுபடல் முதல் மதிப்பிடல் வரை பாடக்குறிப்பு பிசகில்லாமல் இருக்கும். பிள்ளைகளும் முந்திய நாளே ஒத்திகை பார்த்தவர்கள். மேற்பார்வையாளர் கையொப்பமிட்டுப் படியிறங்கியதும் டிமை தாள் அலுமாரிக்குள் போகும், நோட்ஸ் சொல்லி எழுதுவிக்கும் பழைய பாடம் திரும்பும். ஒப்படையைக் காசுக்கு எழுதிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். இதை ஆசிரியரின் ஒழுக்கக் கேடு என்று மட்டும் நான் பார்ப்பதில்லை. படிப்பை முழுக்கச் சம்பளப் படியோடு கட்டி வைத்தால் ஆள் படியைத்தான் பார்ப்பார்.

பயிற்சி ஏன் முன்னால் வர வேண்டும்? பட்டம் எடுத்தவருக்கு ஏழாம் தரக் கணிதம் தெரியாதா என்று கேட்பவர்கள் உண்டு. தெரியும். ஓர் உயிரியல் பட்டதாரி, கணித ஆசிரியர் இல்லாத குறைக்கு ஏழாம் தரத்துக்கு அனுப்பப்பட்டவர், பின்னக் கூட்டல் நடத்தியதைப் பார்த்தேன். அரையோடு மூன்றிலொன்றைக் கூட்டச் சொன்னார். பின்வாங்கில் இருந்த பையன் ஐந்தில் இரண்டு என்றான்; மேலே இருப்பதை மேலோடும் கீழே இருப்பதைக் கீழோடும் கூட்டியிருக்கிறான். “பிழை” என்று சொல்லிவிட்டுப் பலகையில் பொ.ம.சி. கண்டு, ஆறில் ஐந்து என்று சரியாகச் செய்து காட்டினார். வகுப்பு பார்த்து எழுதியது. அந்த டீச்சரின் கணிதத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பையனின் விடை எங்கிருந்து வந்தது என்று அவர் பார்க்கவில்லை. பார்க்க அவருக்கு யாரும் பழக்கவுமில்லை. “ஐந்தில் இரண்டு பெரிதா, அரை பெரிதா?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அரையோடு இன்னொன்றைக் கூட்டி அரையிலும் குறைந்த விடை வந்ததைப் பையனே கண்டுபிடித்திருப்பான்.

பாடம் தெரிவது வேறு, அந்தப் பாடத்தில் பிள்ளை எங்கே, ஏன் வழுக்கும் என்று தெரிவது வேறு. அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986 இல் இதைத் தனி அறிவாகப் பிரித்துக் காட்டினார். இது பட்டப் படிப்பில் கிடைக்காது. சனிக்கிழமை விரிவுரையில் மட்டும் கேட்டுப் பெறவும் முடியாது. பக்கத்தில் ஓர் அனுபவசாலி இருந்து, அன்றைய பாடத்தை அன்றைக்கே பேசினால்தான் கைக்கு வரும்.

அரசுகள் ஏன் இப்படிச் செய்கின்றன என்பதில் மர்மம் எதுவுமில்லை. வெற்றிடம் ஒரு பக்கம், வேலையில்லாப் பட்டதாரிகள் மறுபக்கம். இரண்டையும் ஒரே கடிதத்தால் தீர்க்கலாம். 2020 இல் 50,000 பட்டதாரிகளைப் பயிலுநர்களாகச் சேர்க்கும் திட்டம் வந்தது. பாடசாலைகளில் இணைக்கப்பட்ட பலர் ஆசிரியர் என்ற பெயரில்லாமலே பாடம் நடத்தினார்கள். பின்னர் ஆசிரியர் சேவைக்குள் எடுக்கச் சொல்லித் தெருவில் நின்றார்கள். அதற்கு முன்பு மலையகத் தோட்டப் பாடசாலைகளுக்கு உதவி ஆசிரியர்களை மாதம் 6,000 ரூபா கொடுப்பனவில் அனுப்பியதையும் நாம் மறக்கவில்லை.

கண்டியைச் சுற்றியுள்ள தமிழ்மொழிப் பாடசாலைகளுக்கு இதில் இன்னொரு சங்கடம். கிழக்கிலிருந்து நியமனம் பெற்று வருகிறவர்கள் வாடகை அறையில் தங்கிக் கற்பிக்கிறார்கள். கைபழகும் நேரத்தில் ஊருக்கு இடமாற்றம் கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தாய் தகப்பனும் பிள்ளைகளும் கல்முனையில், தான் மட்டும் இங்கே என்றால் யார்தான் இருப்பார்? ஆனாலும் பழகும் காலத்தின் பிழைகளெல்லாம் நமது பிள்ளைகளின் கணக்கில், பழகி முடித்த கை வேறூருக்கு.

தமிழ்நாட்டில் ஒழுங்கு நேர்மாறு. பட்டத்துக்குப் பிறகு பி.எட். முடிக்காமல் அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக முடியாது. 2015 முதல் அது இரண்டு வருடப் படிப்பு. அதன்மேல் ஆசிரியர் தகுதித் தேர்வு வேறு. 2025 செப்டெம்பர் முதலாம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம், ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களும், ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தால், இரண்டு வருடத்துக்குள் அதில் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதை அப்படியே இங்கே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. வருகைப் பதிவேட்டை மட்டும் நிரப்பும் தனியார் பி.எட். கல்லூரிகள் அங்கே பெயர் கெட்டவை. வாசலில் காவல் வைப்பதால் மட்டும் உள்ளே நடப்பது திருந்திவிடாது.

நான் பார்த்து ஏங்குவது சிங்கப்பூரை. அங்கும் பெயர் பட்டப்பின் கல்வி டிப்ளோமாதான்; தமிழாசிரியராக வரும் பட்டதாரிகளும் அதைப் படிக்கிறார்கள். முழுநேரப் படிப்பு, கல்வி அமைச்சின் சம்பளத்தோடு. இங்கிலாந்தில் வேறொரு ஏற்பாடு: 2021 செப்டெம்பர் முதல் புதிய ஆசிரியருக்கு இரண்டு வருட வழிகாட்டல் உண்டு, முதல் வருடத்தில் நேரசூசியில் பத்து வீதமும் இரண்டாம் வருடத்தில் ஐந்து வீதமும் குறைத்துக் கொடுக்க வேண்டும். கூடவே ஒரு வழிகாட்டி ஆசிரியர்.

சம்பளத்துடன் ஒரு வருட முழுநேரப் பயிற்சிக்கு இன்றைய திறைசேரி சம்மதிக்காது என்பது எனக்கும் தெரியும். பிரதமரும் கல்வி அமைச்சருமான ஹரிணி அமரசூரிய திறந்த பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். வேலை செய்துகொண்டே படிக்கும் ஆசிரியரின் களைப்பை அவருக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. வெற்றிடம் இருக்கும்போது ஆளை வெளியே வைத்துப் பயிற்றுவதா என்று அதிபர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆளை வெளியே வைக்க வேண்டாம், பாதி நேரம் உள்ளே வைப்போம்.

புதிய பட்டதாரிக்கு முதல் வருடம் பாதிப் பாடவேளைகள் போதும். மீதி நேரத்தில் அதே பாடத்தின் மூத்த ஆசிரியரின் வகுப்பில் அவர் பின்வாங்கில் இருக்கட்டும். வாரம் ஒருமுறை மூத்தவர் இவருடைய வகுப்பில் இருக்கட்டும். கல்வியியற் கல்லூரியிலிருந்து வந்த இளையவராக இருந்தாலும், கற்பிப்பதில் தேர்ந்தவரென்றால் அவரே வழிகாட்டியாகலாம். பட்டதாரிகளுக்கு இது கொஞ்சம் உறைக்கும், உறைக்கட்டும். வழிகாட்டிக்கு ஒரு சிறு கொடுப்பனவு. பல்கலைக்கழகங்கள் டிப்ளோமாவின் கற்பித்தல் பயிற்சிப் புள்ளியில் ஒரு பங்கை, ஒத்திகை பார்த்த இரண்டொரு பாடங்களுக்குப் பதிலாக, இந்த வருடம் முழுவதுமான பதிவுக்குக் கொடுக்கலாம். முஸ்லிம் பாடசாலைகள் நோன்புக்கு மூடியிருக்கும் வாரங்களில் மேற்பார்வைத் திகதி குறித்துவிட்டு பிறகு அல்லாடும் வேலையும் மிச்சம். கொடுப்பனவுக்கும் புள்ளிக்கும் மேலிடத்து அனுமதி வேண்டும். மற்றதற்கு வேண்டாம்: பெரிய பாடசாலையொன்றில் ஓர் ஆளின் பாடவேளைகளைப் பாதியாக்கி மற்றவர்களுக்குள் பங்கிடுவது அதிபரும் நேரசூசி போடும் ஆசிரியரும் ஒரு பின்னேரம் உட்கார்ந்தால் முடிகிற காரியம். வத்துகாமம் வலயத்தில் ஒரே ஒரு பாடசாலை அடுத்த வருடம் ஒரே ஒரு புதியவருடன் தொடங்கினாலும், அந்த ஏழாம் தர வகுப்பில் என்ன மாறியது என்பதை மூன்று தவணைக்குள் பார்க்க முடியும்.