மேஜை டெல்லியில், ஆசிரியர் தீவில்

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 2012 செப்டம்பரில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏழு பள்ளி நாட்கள் வகுப்பு நடக்கவில்லை. சம்பளம், ஆசிரியரின் தரத்தை மதிப்பிடும் முறை என்று பல விஷயங்களில் தகராறு. கடைசியில் நகரப் பள்ளி நிர்வாகமும் சங்கமும் ஒப்பந்தம் போட்டன. யார் பக்கம் நியாயம் என்பது வேறு விஷயம். அங்கே இரண்டு தரப்பு இருந்தது, நடுவே ஒரு மேஜையும் இருந்தது.

அந்தமான் நிகோபார் தீவுகளின் அரசுப் பள்ளி ஆசிரியருக்கு அந்த மேஜை எங்கே இருக்கிறது?

தீவுகளுக்குச் சட்டசபை கிடையாது. மக்களவைக்கு ஒரே ஒரு எம்.பி. மத்திய அரசின் சார்பில் துணைநிலை ஆளுநர் நிர்வாகம் செய்கிறார். கல்வித் துறை அவருக்குக் கீழே. ஆசிரியரின் சம்பள விகிதம் டெல்லியில் முடிவாகிறது.

டெல்லியில் பேசுவதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. 1960 ஜூலையில் மத்திய அரசு ஊழியர்கள் ஐந்து நாள் வேலைநிறுத்தம் செய்து நாட்டை உலுக்கினார்கள். அதிலிருந்து கற்ற பாடமாக, பிரிட்டனின் விட்லி கவுன்சில் பாணியில், 1966ல் கூட்டு ஆலோசனை அமைப்பு உருவானது. கேபினட் செயலாளர் தலைமையில் அரசுத் தரப்பும் ஊழியர் தரப்பும் எதிரெதிரே உட்காரும். சம்பளமும் படிகளும், வார வேலை நேரம், விடுப்பு ஆகிய மூன்றிலும் உடன்பாடு வராவிட்டால் நடுவர் மன்றத்துக்குப் போகலாம்.

நல்ல திட்டம்தான். ஆனால் யாருக்கெல்லாம் இது பொருந்தாது என்ற பட்டியலைப் பாருங்கள். முதல் வகுப்பு அதிகாரிகள், போலீஸார், அவர்களோடு யூனியன் பிரதேச ஊழியர்கள்! சம்பளம் டெல்லிக் கணக்கில் வருகிறது. அதைப் பற்றிப் பேச டெல்லியில் நாற்காலி இல்லை.

வேறு வாசல்களும் திறக்கவில்லை. தொழில் தகராறு சட்டப்படி ஆசிரியர் 'தொழிலாளி' அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1988ல் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர் கோவாவைச் சேர்ந்த ஓர் ஆசிரியை. வேலைநிறுத்தத்தை அரசு ஊழியர் நடத்தை விதி தடுக்கிறது. மீறினால் என்ன ஆகும் என்பதைத் தமிழகம் 2003ல் கண்டது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். பெரும்பாலோர் பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டாலும், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ, சட்ட உரிமையோ, தார்மிக உரிமையோ கிடையாது என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆகஸ்டில் சொல்லிவிட்டது.

மிச்சமிருப்பது மனு. மனுவைப் பெற்றுக்கொள்ளும் அதிகாரி புன்னகைக்கலாம். பதில் சொல்லியே ஆகவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

இதில் தீவுக்கே உரிய சிக்கல் இடமாற்றம். 2024ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து கிரேட் நிகோபாரின் காம்ப்பெல் பே 500 கிலோமீட்டருக்கும் அதிகம். கப்பலை நம்பித்தான் பயணம். 2011 கணக்கெடுப்பின்படி தீவு மக்களில் சுமார் 15 சதவீதம் பேரின் தாய்மொழி தமிழ். தமிழ் வழிப் பள்ளிகளும் அங்கே உண்டு. தமிழில் கணக்குச் சொல்லித்தரும் ஒருவர் மாற்றலாகிப் போனால், அடுத்த அறையில் இந்தி வழி வகுப்பு எடுப்பவர் அந்த இடத்தை நிரப்ப முடியாது. மாற்றல் உத்தரவு ஆசிரியரின் குடும்பத்தை மட்டுமல்ல, வகுப்பையும் பாதிக்கிறது.

பேச்சுவார்த்தை என்றாலே நிர்வாகம் பயப்படுகிறது. எல்லோரும் தலைநகரிலேயே இருக்கக் கேட்பார்கள் என்ற சந்தேகம் முழுக்கத் தவறல்ல. ஆனால் ஒப்பந்தம் இரு தரப்பையும் கட்டும். காம்ப்பெல் பேக்கு யார் போவது, எத்தனை வருஷம், திரும்பும்போது எந்த ஊர் என்று சங்கமே கையெழுத்துப் போட்டால், பிறகு அதே சங்கம் அந்த உத்தரவை எதிர்த்து மனு எழுத முடியாது. மனு மட்டும் எழுதும் சங்கத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. அந்த வசதியை அதற்குக் கொடுத்திருப்பது நிர்வாகமே.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனெஸ்கோவும் சேர்ந்து, ஆசிரியரின் சம்பளமும் வேலை நிலைமையும் பேச்சுவார்த்தை மூலம் முடிவாக வேண்டும் என்று பரிந்துரைத்தது 1966 அக்டோபர் 5ல். அந்தத் தேதியைத்தான் உலக ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

சம்பளத்தைத் தீவில் பேசித் தீர்க்க முடியாது. இடமாற்றம், தமிழ் வழிக் காலியிடம், கப்பல் தாமதமானால் விடுப்புக் கணக்கு ஆகியவற்றைப் பேசலாம். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். டெல்லியின் கூட்டு ஆலோசனை அமைப்பே சட்டத்தால் பிறந்ததல்ல. தேதி குறித்துக் கூடி, முடிவை எழுதி, இரு தரப்பும் கையெழுத்திடும் ஏற்பாடு போதும். கல்வியாண்டு தொடங்கும் முன்பே கூடினால், தமிழ் வகுப்புக்கு ஆசிரியர் வந்துசேரக் கப்பலுக்கும் நேரம் கிடைக்கும்.