ஒட்டுப்போர்வை பாதியில் நிற்கிறதா? கண்ணைக் கவனியுங்கள்!

உங்கள் வீட்டு பீரோவின் அடித்தட்டில் பாதி தைத்த ஒட்டுப்போர்வை ஒன்று மடித்துக் கிடக்கிறதா? பழைய சுங்குடிப் புடவை, மகளின் பள்ளிக்கூடப் பாவாடை, கணவரின் சட்டை என்று ஆசை ஆசையாய் வெட்டிச் சேர்த்தது... "இனிமே நம்மால ஆகாதுப்பா, வயசாயிடுச்சு" என்று மூட்டை கட்டிவிட்டீர்கள். வயசின் மேல் பழி போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்!

ஒட்டுப்போர்வை ஏதோ வெள்ளைக்காரர்கள் பொழுதுபோக்கு என்றும் நினைக்காதீர்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வாணிபம் செய்த சரக்குகளில் மெல்லிய பருத்தித் துணியும் உண்டு. சோழமண்டலக் கரையின் சீட்டித் துணிக்கு இங்கிலாந்தில் அப்படியொரு கிராக்கி. உள்ளூர் நெசவாளர்கள் கொதித்தெழ, 1700-லும் 1721-லும் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அங்கே லெவன்ஸ் ஹால் மாளிகையில் இருக்கும் 1708-ஆம் வருட வாக்கிலான ஒட்டுப்போர்வை இந்தியச் சீட்டித் துண்டுகளால் ஆனதுதான். துணி நம்முடையது, பெயர் அவர்களுக்கு!

சரி, வேலை ஏன் பாதியில் நிற்கிறது? கணக்குப் பாருங்கள். தையற்காரர் பாஷையில் ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. தையலுக்கு இரண்டு நூல் விட வேண்டிய இடத்தில் அரை நூல் கூடப் பிடித்தால், இரண்டு பக்கத் துண்டிலும் சேர்த்து ஒரு நூல் போச்சு. எட்டு ஒட்டில் ஒரு அங்குலம் காணோம்! முக்கோண டிசைன் என்றால் இன்னும் கஷ்டம். சாய்வாக வெட்டிய ஓரம் கை பட்டாலே இழுபடும், முனைகள் சேராது. அந்த அரை நூல் கண்ணுக்குத் தெரிந்தால்தானே கை சரியாகப் போகும்?

நாற்பதைத் தாண்டினால் வருவது வெள்ளெழுத்து. நோயில்லை, எல்லோருக்கும் வருவது. கிட்டப் பார்க்கும் கண்ணாடி போட்டால் தீர்ந்தது. ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பையனுக்கு புது போன், அப்பாவுக்கு புதுக் கண்ணாடி. அம்மாவுக்கு? அப்பா கழற்றிப் போட்ட பழசு! இல்லாவிட்டால் "ஏம்மா கஷ்டப்படறே, விட்டுடேன்" என்று ஒரு கரிசனம். இந்தக் கரிசனம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வயதைக் கடந்த 751 தொழிலாளர்களிடம் ஒரு ஆய்வு நடந்தது. 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளிவந்தது. கிட்டப் பார்வைக் கண்ணாடி கிடைத்தவர்கள் பறித்த இலையின் அளவு, கிடைக்காதவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. இலை பறிக்கவே இப்படியென்றால் ஊசி கோக்க?

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. ஒரு காலை நேரத்தை ஒதுக்குங்கள். சர்க்கரை உள்ளவர்கள் அது கட்டுக்குள் வந்த பிறகு கண்ணாடி பவர் பாருங்கள். சர்க்கரை ஏறி இறங்கினால் பவரும் மாறும். விழித்திரையையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். விரல் மரத்துப்போனவர்களுக்கு ஊசி குத்தியது தெரியாது, அதனால் விரல் நுனியில் உலோகத் தொப்பி கட்டாயம்.

கண்ணாடி வந்துவிட்டதா? இனி முடிப்பு வேலை. மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் நடுவிலிருந்து ஓரத்துக்கு இழையோட்டுங்கள், சுருக்கம் விழாது. குனிந்தே கிடக்காமல் அரை மணிக்கு ஒருதரம் எழுந்து கழுத்தை நிமிர்த்துங்கள். கோவளம், மாமல்லபுரம் பக்கம் இருப்பவர்கள் ஊசியைத் துணியிலேயே குத்தி வைக்காதீர்கள். உப்புக்காற்றில் துரு ஏறி, அந்தக் கறை லேசில் போகாது. நம்மூர் வெயிலுக்குப் பஞ்சு மெல்லிசாக இருந்தால் போதும்.

பேரக்குழந்தைக்கென்று தைக்கிறீர்களா? ஒரு வயசு ஆகும்வரை தூங்கும் குழந்தைமேல் போர்த்தாதீர்கள், மூச்சு முட்டும் அபாயம் உண்டு. அதுவரை விழித்திருக்கும்போது தரையில் விரித்து விளையாட விடுங்கள்.